இருவாச்சியின் இரண்டாம் சம்சாரம்

ஆனைமலை அடிவாரத்தில் மொட்டப்பாறைப் புதூர் என்று ஓர் ஊர் உண்டு. வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. வரைபடம் போட வந்த மனிதர் அந்த ஊர்க்காரர்களிடம் வழி கேட்டிருக்கிறார். அவர்கள் சொன்ன வழியில் போனவர் இன்னும் திரும்பி வரவில்லை.

அந்த ஊர் நாச்சிமுத்துவுக்கு ஒரு பெண் அமைந்திருந்தாள். பெயர் சரசாள். பக்கத்து ஊர் குப்பண்ணனின் ஒரே மகள். நாச்சிமுத்து அவளை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தான், அதுவும் அவள் ஓர் ஆட்டைத் திட்டிக்கொண்டே விரட்டி ஓடியபோது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆட்டின் மேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

குப்பண்ணனுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வேலைதான் பிடிக்கவில்லை. நாச்சிமுத்து காட்டில் தற்காலிகக் காவலாளாக இருந்தான். இன்றைக்கு உண்டு, நாளைக்கு இல்லை என்கிற வேலை. அந்தச் சமயம் பார்த்துத்தான் வனத்துறை ரேஞ்சரம்மா ஜீப்பில் வந்து இறங்கி, நாலு தற்காலிகக் காவலாட்களையும் ஒரு பெரிய மரத்தடியில் நிற்கவைத்துச் சொன்னார்.

"மேல பொந்து தெரியுதா? இருவாச்சி ஜோடி ஒண்ணு கூடு கட்டப் பாக்குது. குஞ்சு நல்லபடியா வெளிய வந்துட்டா, உங்க நாலு பேர் வேலையையும் நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதுறேன். மூணு விஷயம் ஞாபகம் வச்சுக்குங்க. கூட்டைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. கூட்டைத் தொடக் கூடாது. நீங்க இங்க இருக்கறதே பறவைக்குத் தெரியக் கூடாது. பாக்கறதை எல்லாம் நோட்டுல எழுதுங்க."

அதற்கு மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒற்றை யானை வாழைத்தோப்பில் புகுந்துவிட்டதாகத் தகவல் வந்து, ஜீப் பறந்துவிட்டது. சொல்லாமல் விட்டது என்னவென்றால், பெண் இருவாச்சி பொந்துக்குள் போய் உட்கார்ந்ததும் வாசலைத் தானே மண்ணும் எச்சமும் வைத்துப் பூசி அடைத்துக்கொள்ளும். மூக்கு நீட்டுகிற அளவு ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். ஆண் பறவை மாதக்கணக்கில் அந்தக் கீறல் வழியாக ஊட்டும். இது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சேதி குப்பண்ணன் காதுக்கும் போயிற்று. அவர் மீசையைத் தடவிக்கொண்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"குஞ்சு வெளிய வந்து பறக்கற அன்னிக்கு நிச்சயம். குஞ்சு இல்லீன்னா பொண்ணும் இல்லை."

ஆக, நாச்சிமுத்துவின் கல்யாணம் ஒரு பறவையின் வயிற்றில் இருந்தது.

நாலு பேரில் மூத்தவர் அங்கப்பன். ஒருமுறை கோயமுத்தூர் போய்ச் சேதாரமில்லாமல் திரும்பியதால் அறிவாளி என்று பெயர் வாங்கியவர். செல்லாண்டிக்கு எழுதத் தெரியும். எழுதியதைப் படிக்கத்தான் வராது. கிட்டான் ஒல்லி. மழையில் நின்றால் நனையாமல் வருவான் என்று ஊரில் சொல்வார்கள். நாலாவது ஆள்தான் நம் மாப்பிள்ளை.

முதல் நாளே கண் பிரச்சினை வந்தது. கூட்டைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்றால் சாப்பிடுவது எப்படி? அங்கப்பன் யோசித்து ஒரு முறை வகுத்தார். ஒருவர் கண் கூட்டின்மேல் இருக்க வேண்டியது. அடுத்தவர் வந்து தன் கண்ணை வைத்த பிறகுதான் முதல் ஆள் எடுக்க வேண்டியது.

"கண்ணு வச்சாச்சா?"

"வச்சாச்சுங்."

"நல்லா ஊணி வச்சயா?"

"ஊணித்தானுங் வச்சிருக்கறேன்."

"சரி, நான் எடுத்துக்கறேன்."

இப்படிப் பகல் முழுக்கக் கண் கைமாறியது. கண் சிமிட்டுவது எடுத்ததில் சேருமா என்று ஒரு நாள் முழுதும் வாதம் நடந்தது. கடைசியில், சிமிட்ட வேண்டியவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அந்த நேரத்துக்குப் பக்கத்து ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று.

தாங்கள் இருப்பது பறவைக்குத் தெரியக் கூடாது என்பதையும் விடவில்லை. தினமும் காலையில் அங்கப்பன் மரத்தடியில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "இங்க ஆரும் இல்லீங்கோ!" என்று மூன்று முறை கூவிவிடுவார். பிறகுதான் வேலை தொடங்கும்.

இருவாச்சியை அதுவரை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. புதூர்க்காரர்கள் தரையைப் பார்த்து நடக்கிற ஜனங்கள். மூன்றாம் நாள் தலைக்கு மேலே ரயில் வருகிற மாதிரி புஸ்ஸு புஸ்ஸென்று இரைச்சல் கேட்டு, நாலு பேரும் குப்புறப் படுத்தார்கள். கண்ணை எடுத்துவிட்டோமே என்று உடனே பதறி எழுந்தும் விட்டார்கள். பார்த்தால் ஆள் கை நீளத்துக்கு இறக்கை, கறுப்பு வெள்ளை உடம்பு, மஞ்சள் மூக்கு. அந்த மூக்குக்கு மேலே இன்னொரு மூக்கு.

"ஏனுங்ணா, ஒரு மூக்குப் பத்தாதுங்களா?" என்றான் கிட்டான்.

"சளி புடிச்சா மாத்து வேணுமல்ல" என்றார் அங்கப்பன்.

ஜோடியில் பெரியதற்குக் கண் சிவப்பு, சின்னதற்கு வெள்ளை. செல்லாண்டி நோட்டில் எழுதினான்: 'ஆண், கண் சிவந்து வந்தான். காலையிலேயே குடித்திருக்கிறான். பெண் குணமானவள்.'

பெண் பொந்துக்குள் போனது. ஆண் மண் கொண்டுவந்து கொடுத்தது. நாளுக்கு நாள் வாசல் சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் பானை வாயளவு, பிறகு தேங்காயளவு, பிறகு ஒரு கீறல். அவ்வளவுதான். உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை.

நாச்சிமுத்து ஓடிப்போய் அங்கப்பன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, குடிகாரப் பாவி பொண்டாட்டிய உள்ள வச்சு செவுரு எழுப்பீட்டானுங்! அவ செத்தா குஞ்சேது? குஞ்சு இல்லீன்னா சரசாளேது?"

"ஒடச்சு உட்டர்லாமா?" என்றான் கிட்டான்.

"கூட்டத் தொடக் கூடாதுன்னு அம்மா சொன்னது மறந்து போச்சா?"

"கல்லுட்டு ஒடச்சா? நாம தொட மாட்டமே, கல்லுதானே தொடும்?"

இது நல்ல யோசனைதான் என்று அங்கப்பனும் ஒப்புக்கொண்டார். ஆனால் கல் பெண்டாட்டி மேல் பட்டால் பழி நமக்கு வரும், அதனால் புருஷனிடம் பேசிப் பார்ப்போம் என்றார். ஆனால் பேசினால் நாம் இருப்பது தெரிந்துவிடுமே. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. மறுநாள் ஆண் பறவை கிளையில் உட்கார்ந்ததும், நாலு பேரும் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தங்களுக்குள் பேசுவதுபோல் உரக்கப் பேசினார்கள். கண் வைக்கும் முறை கிட்டானுடையது என்பதால் அவன் மட்டும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பேசினான்.

"ஊருல சில பேரு கட்டுனவள அடச்சு வெக்கறாங்களாமே!"

"அட ஆமாங்ணா, அது பெரிய பாவமுங்."

"நாஞ் சரசாள ஒரு நாளும் அப்படிப் பண்ண மாட்டனுங்!" என்று நாச்சிமுத்து அழுதேவிட்டான்.

பறவை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. பிறகு தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக அத்திப்பழம் எடுத்துக் கீறல் வழியே ஊட்டியது. பதினேழு பழம். பேச்சு பலித்துவிட்டது, மனசு திருந்திவிட்டது என்று அங்கப்பன் அன்று முழுதும் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

ஆனால் அடுத்த வாரமே கீறல் வழியாக இறகுகள் வந்து விழுந்தன. உள்ளே இருக்கும் பறவை பழைய இறகை உதிர்ப்பது வழக்கம் என்று இவர்களுக்கு யார் சொல்வது? செல்லாண்டி எழுதினான்: 'மறுபடியும் சண்டை. பெண், துணிமணிகளை எடுத்து வெளியே எறிகிறாள். நியாயம் அவள் பக்கம்.' விழுந்த இறகுகளை நாச்சிமுத்து பொறுக்கித் துடைத்து, மடித்து, ஒரு மஞ்சள் பையில் பத்திரப்படுத்தினான். கோபம் தணிந்து கேட்டால் கொடுக்க வேண்டுமே.

இப்படியே மாதங்கள் ஓடின. ஆண் பறவை விடாமல் வந்து ஊட்டியது. வாரா வாரம் குப்பண்ணன் சைக்கிளில் வந்து, "என்ன மாப்பள, ஏதாச்சும் எட்டிப் பாத்துச்சா?" என்று கேட்டுப் போனார். ஒரு முறை சரசாள் கொடுத்தனுப்பினாள் என்று ஒரு தூக்குப்போசி நிறைய வெல்லக் கச்சாயப் பலகாரம் வந்தது. நாச்சிமுத்து கூட்டைப் பார்த்துக்கொண்டே தின்றதில், பாதியைக் கிட்டான் வாயில் ஊட்டிவிட்டது அவனுக்குக் கடைசி வரை தெரியாது.

ஒரு நாள் காலை அந்தச் சுவர் உடைந்தது. உள்ளேயிருந்து டொக்கு டொக்கென்று கொத்தும் சத்தம், மண் பெயர்ந்து விழுந்தது, வெள்ளைக்கண்ணுக்காரி வெளியே வந்து கிளையில் உட்கார்ந்து சோம்பல் முறித்தாள். நாலு பேரும் கும்பிட்டார்கள். ஆனால் மத்தியானத்துக்குள் வாசல் மறுபடி அடைபட்டுவிட்டது. வெளியே இருந்து யாரும் பூசவில்லை. உள்ளே இருந்து பூசப்பட்டது.

குஞ்சு வளர்ந்ததும் தாய் வெளியே வந்துவிடும், குஞ்சு தானே வாசலைத் திரும்ப அடைத்துக்கொள்ளும். கேட்கிற நமக்கே நம்பச் சிரமமாக இருக்கிறது. அங்கப்பன் என்ன செய்வார்? மரத்தடியில் கூட்டம் போட்டார்.

"வாசல அடச்சது உள்ள இருந்தா, வெளிய இருந்தா?"

"உள்ள இருந்துதானுங்."

"உள்ள இருந்து அடைக்கோணும்னா, ஆளு உள்ள இருக்கோணுமா வேண்டாமா?"

"இருந்துதானுங் ஆவோணும்."

"உள்ள இருந்த ஆளு ஆரு?"

"பொண்டாட்டிங்."

"அப்ப பொண்டாட்டி உள்ளதான் இருக்கறா."

"அப்படீன்னா கெளை மேல உக்காந்திருக்கறது ஆருங்?" என்றான் செல்லாண்டி.

கிட்டான் கண் சிமிட்ட அனுமதி கேட்டான். அதை யாரும் கவனிக்கவில்லை. நாச்சிமுத்துதான் கிளையைக் காட்டிச் சொன்னான்.

"ரெண்டாம் சம்சாரமுங்."

செல்லாண்டி நோட்டில் அதை எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டான். அடுத்த நாளிலிருந்து அந்த இரண்டாம் சம்சாரமும் பழம் கொண்டுவந்து பொந்துக்குள் ஊட்டத் தொடங்கியபோது, இவர்களால் தாங்க முடியவில்லை. மூத்தவளுக்கு இப்படி ஓடி ஓடிச் செய்கிற இளையவளை எங்கே பார்க்க முடியும்? அங்கப்பனுக்குத் தன் தங்கை வீட்டுச் சக்களத்திச் சண்டை ஞாபகம் வந்துவிட்டது. நாச்சிமுத்துவுக்கு மட்டும் நிம்மதி இல்லை. குடும்பம் எப்படி நடந்தால் என்ன, குஞ்சைக் காணோமே என்று மருகினான்.

இரண்டு வாரம் கழித்து வாசல் மறுபடி உடைந்தது. பொந்திலிருந்து ஒரு பறவை தட்டுத் தடுமாறி வெளியே வந்தது. எதிர்மரத்துக்குப் பறந்து, கிளையில் நிற்கத் தெரியாமல் தொங்கி, ஒருவழியாக உட்கார்ந்தது. உருவம் சிறியது. மேல்மூக்கு இல்லை, அந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது.

"ஐயோ மகராசி!" என்று நாச்சிமுத்து நெஞ்சில் அடித்துக்கொண்டான். "சக்களத்தி வந்த ஏக்கத்துல எளச்சுப் போனாளே! மேல்மூக்குக்கூட தேஞ்சு போச்சே!"

செல்லாண்டி எழுதினான்: 'மூத்தவள் வெளியே வந்தாள். பறக்கக்கூட மறந்துவிட்டாள். குஞ்சு வரவில்லை.'

மறுநாள் காலை ரேஞ்சரம்மாவின் ஜீப் வந்தது. அதே நேரத்தில் குப்பண்ணனின் சைக்கிளும் வந்தது. பின்னால் சரசாள் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் நாச்சிமுத்து அங்கப்பன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். இன்றைக்கு என்ன பதில் சொல்வது?

ரேஞ்சரம்மா பைனாகுலரை எடுத்து எதிர்மரத்தைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"சபாஷ்! குஞ்சு பறந்துடுச்சே! நாச்சிமுத்து, உங்க நாலு பேருக்கும் வேலை நிரந்தரம். இன்னைக்கே எழுதுறேன்."

நாச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"மன்னிக்கோணுமுங்மா. அது குஞ்சு இல்லீங். மூத்த சம்சாரமுங். பொய் சொல்லி வேலை வாங்க எனக்கு மனசில்லீங்."

"என்னப்பா சொல்ற?"

செல்லாண்டி நோட்டை நீட்டினான். ரேஞ்சரம்மா முதல் பக்கத்திலிருந்து படித்தார். குடிப் பழக்கத்தில் தொடங்கி இரண்டாம் கல்யாணம் வரைக்கும் வந்தபோது, நோட்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அம்மாவும் இளகிய மனசுக்காரர், அழுகிறார் என்று அங்கப்பன் மற்றவர்களுக்குச் சைகை காட்டினார்.

பிறகு ரேஞ்சரம்மா எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். நாலு பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் அங்கப்பன் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, நீங்க படிச்சவங்க. ஆனா நாங்க கண்ணு எடுக்காமப் பாத்தவங்க."

ரேஞ்சரம்மா குப்பண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கய்யா. வேலைதான் நிரந்தரம் ஆயிடுச்சே, பொண்ணைக் குடுங்க."

குப்பண்ணன் அந்த ஊர் இல்லைதான். ஆனால் பக்கத்து ஊர்.

"வேலை சரிங்கம்மா. ஆனா நாஞ் சொன்ன சொல்லு குஞ்சு. மாப்பளயே குஞ்சு வரலைங்கறப்ப நான் எப்படிங் ஒத்துக்கறது? குஞ்சு அந்தப் பொந்துல வரோணும், என்ர கண்ணால பாக்கோணும், பறக்கோணும். இல்லீன்னா எங்கம்மிணிக்கு வேற எடம் பாத்துக்கறனுங்."

சரசாள் ஆட்டைப் பார்த்த மாதிரியே அப்பனைப் பார்த்தாள். நாச்சிமுத்து மரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் அழுகையைக் கிட்டானால் பொறுக்க முடியவில்லை. பொந்துக்குள் பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே என்றான். கூட்டைத் தொடக் கூடாது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"வெளிய இருந்து ஆரு தொடறா? நான் மரத்துக்குள்ள போறனுங்."

அந்த மரம் உளுத்துப்போன மரம். வேரடியில் ஓர் ஓட்டை உண்டு, அதிலிருந்து மேலே வரைக்கும் உள்ளே வெறும் குழாய்தான். ரேஞ்சரம்மா "டேய், டேய்" என்று ஓடி வருவதற்குள் கிட்டானின் கடைசிக் காலும் ஓட்டைக்குள் மறைந்துவிட்டது. மரத்துக்குள்ளே பரபரவென்று சத்தம் மேலே ஏறியது. தும்மல் ஒன்று கேட்டது. நாலு ஆள் உயரத்தில், பொந்து வாசலில், மண்ணும் தூசியும் சிலந்திவலையும் அப்பிய ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து ஆண் இருவாச்சி வந்தது. இத்தனை மாதப் பழக்கம் விடுமா? வாயில் அத்திப்பழத்தோடு வழக்கம்போல் வாசலில் வந்து ஒட்டியது. உள்ளே மீசை வைத்த ஒன்றைப் பார்த்தது. அதிர்ச்சியில் வாயைத் திறந்தது. அதே அதிர்ச்சியில் கிட்டானும் வாயைத் திறந்தான். பழம் நேராக அவன் வாய்க்குள் விழுந்தது. பறவை அலறிக்கொண்டு மலைப்பக்கம் போயிற்று.



"குஞ்சு!" என்று கத்தினார் குப்பண்ணன். "அப்பன் ஊட்டறான் பாருங்! குஞ்சு வந்துருச்சு!"

"அது கிட்டான்யா!" என்றார் ரேஞ்சரம்மா.

"கிட்டானா இருந்தா அது ஏனுங் ஊட்டுது?"

ரேஞ்சரம்மா ஜீப்பின் படியில் உட்கார்ந்துகொண்டார். நாச்சிமுத்து எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தான். ஜாடை கிட்டான் மாதிரிதான் இருந்தது. ஆனால் இத்தனை மாதம் கிட்டானையே பார்த்துக்கொண்டு வளர்ந்த குஞ்சுக்கு ஜாடை வராமல் எங்கே போகும்?

"மாமா, வந்துருச்சுங்!" என்றான்.

"பறக்கோணுமே மாப்பள."

எல்லாரும் அண்ணாந்தார்கள். பொந்து காலியாக இருந்தது, முகத்தைக் காணோம். கீழேயிருந்து யாரோ தும்மினார்கள். குனிந்து பார்த்தால், வேரடியில் தூசியைத் தட்டிக்கொண்டு நின்றிருந்தான் கிட்டான்.

அங்கப்பன் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார்.

"குப்பண்ணா, சித்த முன்னால மேல இருந்துச்சா?"

"இருந்துச்சுங்."

"இப்பக் கீழ நிக்குதா?"

"நிக்குதுங்."

"மரத்துல எறங்கி வந்தத ஆராச்சும் பாத்தீங்களா?"

"இல்லீங்."

"அப்ப எப்படி வந்திருக்கும்?"

குப்பண்ணன் பொந்தைப் பார்த்தார், கிட்டானைப் பார்த்தார். சரசாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கடைசியில் அவர் முகம் தெளிந்தது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து நாச்சிமுத்துவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். செல்லாண்டி நோட்டில் எழுதினான்: 'குஞ்சு பறந்தது. வேகம் அதிகம், கண்ணுக்குத் தெரியவில்லை.'

அடுத்த புதன்கிழமை நிச்சயம் நடந்தது. ரேஞ்சரம்மாவும் வந்து வாழ்த்திவிட்டுப் போனார். மாப்பிள்ளையின் கண்ணைச் சரசாள் மேலிருந்து எடுக்க முடியவில்லை. யாரிடமும் அதைக் கைமாற்றவும் அவன் சம்மதிக்கவில்லை. பந்தியில் எல்லாருக்கும் இலை போட்டுப் பருப்பும் பச்சைப்புளி ரசமும் பாயசமும் பரிமாறினார்கள். முதல் வரிசையில் கிட்டான் மட்டும் இலை நிறையச் சோறு இருந்தும் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை ஆவென்று திறந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏப்பா, சாப்பிடறதில்லையா?" என்று பரிமாறியவர் கேட்டார்.

கிட்டான் வாயை இன்னும் கொஞ்சம் திறந்தான். அவனுக்காக அங்கப்பன்தான் சொன்னார்.

"அவனுக்கு ஊட்டோணுமுங். அப்பங்காரன் மலைக்குப் போயிருக்கறான், வந்துருவான்."